சனிக்கிழமைப் பாட்டும் ஒரு சாண் உயரமும்

சிப்பிக்கிடங்குத் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை, வைத்தால் அந்த வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம், மற்றபடி மொத்தத் தெருவும் பவுடர் பூசி, பூ வைத்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி, இருதயராஜின் வேனுக்குள் அடைந்துகொண்டு, உப்பளங்களைத் தாண்டி, துறைமுகத்து விளக்குகளைத் தாண்டி, தூத்துக்குடிக்குத் தெற்கே கூட்டம் குறைந்த ஒரு கடற்கரையில் போய் இறங்கி, பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் தின்று, பாட்டுப் போட்டு ஆடி, பிள்ளைகள் தூங்கி விழ ஆரம்பித்ததும் திரும்பி வரும். வாரம் முழுக்க ஹார்பரிலும் ஐஸ் கம்பெனியிலும் இறால் உரிக்கிற கொட்டகையிலும் இடுப்பு ஒடிய வேலை பார்க்கிற ஜனம். அதற்கு இது ஒன்றுதான் வாய்த்தது.

அதற்குப் பாட்டுச் சேர்க்கிற வேலை விண்ணரசியுடையது. வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்து, செல்போன் ரீசார்ஜ் செய்து பிழைக்கிறவள் அவள். கடைக்கு வருகிறவர்கள் வந்த வேலை முடிந்ததும், "மைனி, இந்த வாரம் எனக்கு அந்த மழைப் பாட்டு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அவள் தன் போனில் அதைத் தேடி எடுத்துச் சேர்த்துக்கொள்வாள். ஆளுக்கு ஒரு பாட்டு. அதனால் அந்தப் பாட்டு வரிசைக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. மாதா பாட்டு முடிந்த கையோடு குத்துப்பாட்டு வரும், அதற்குப் பின்னால் கொரியாக்காரப் பையன்கள் வருவார்கள், அவர்கள் வியர்வை துடைப்பதற்குள் நாகசுரம் வந்துவிடும், நாகசுரம் ஓய்ந்தால் கருப்பு வெள்ளைக் காலத்து அழுகைப் பாட்டு ஒன்று மூக்கைச் சிந்திக்கொண்டு வரும். வெளித்தெரு ஆள் கேட்டால் பாட்டுப் பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பான். விண்ணரசிக்கோ அதில் தாங்க முடியாத பெருமை. பரோட்டா வருகிற நேரத்தில் குத்துப்பாட்டுப் போட்டால் சால்னா அவ்வளவும் மண்ணுக்குத்தான், எதற்கடுத்து எதைப் போடுவது என்று தெரிய வேண்டாமா என்பாள்.

ஆம்பிளைகளில் பாதிப் பேருக்கு இந்த விஷயத்தில் வாயே திறக்காது. "எனக்கு எதையாவது போடுட்டி" என்பதோடு சரி. பெண்டாட்டிமார்தான் அவர்களுக்கும் சேர்த்து ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள், கடற்கரையில் அது வரும்போது "இது எங்க வீட்டுக்காரருது" என்று எல்லோருக்கும் அறிவிக்கவும் செய்வார்கள். விண்ணரசியின் புருஷன் கிளாட்வினும் இந்த ரகம்தான். ஹார்பரில் கண்டெய்னர் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவன், நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் மின்விசிறி சத்தமே போதும் என்று கிடக்கிறவன். அவனுக்கான பாட்டை அவளே எடுத்துவிடுவாள். கல்யாணம் ஆன நாள் முதலாக அவனுக்குச் சட்டை எடுப்பதும் அவள்தானே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பர்னபாஸ் அண்ணனின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் பெண்டாட்டி ரோஸ்மலர் பரோட்டாத் தட்டும் கையுமாகத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பி நின்றாள். காற்று அடித்துத் தூக்கவில்லை, யாரும் பிடித்து ஏற்றவில்லை, சும்மா எழும்பினாள், பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள், முடிந்ததும் செருப்புக்குள் கால் சரியாகப் போய்ச் சேர இறங்கினாள். இடையில் அவள் சொன்னது ஒன்றுதான்: "யாராச்சும் அந்த வெங்காயத்த எடுத்துக் குடுங்களேன், குனிய முடியல."

எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த பாட்டுக்கு இறால் கொட்டகை சூசையின் மகள் எழும்பினாள், அதற்கடுத்த பாட்டுக்கு யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை மடியிலிருந்து எழும்பிச் சிரித்தது. ஒன்றிரண்டு வாரத்திலேயே தெருவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பாட்டு யாருடையதோ அவர் மனதில் யாரை வைத்திருந்தாரோ, அந்தப் பாட்டு ஓடும்போது அந்த ஆள் எழும்புவார். அவ்வளவுதான். இது ஏன், எப்படி, பெட்டியில் கோளாறா, கடற்கரை மண்ணில் ஏதாவதா என்று கேட்டவர்கள் வெகு சிலர். யாருடைய பாட்டுக்கு யார் எழும்பினது என்று கேட்டவர்கள்தான் தெரு முழுக்க.

மாதா கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு சாணுக்குள் இருந்தால் திருச்சபைக்கு அதில் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அது சனிக்கிழமையின் மற்ற காரியங்களோடு சேர்ந்து ஒரு காரியமாகிவிட்டது. எழும்பினவருக்குத் தண்ணீர் பாட்டில் எட்டுகிறதா என்று பார்த்துக் கொடுப்பது பக்கத்தில் இருக்கிறவரின் பொறுப்பு. எழும்பி நிற்கிற ஆளோடு பேசும்போது அண்ணாந்து பார்க்காமல் பேசுவது மரியாதை. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுக்காரர்கள் பையனையும் பெண்ணையும் வேனில் ஏற்றிவிட்டார்கள், பையன் எடுத்த பாட்டுக்குப் பெண் எழும்பினால் அங்கேயே பூ வைத்துவிடுவது என்று.

ஆனால் மனுசர் மனசு ஒரு சாணோடு நிற்குமா? வேதம் சொல்லிக் கொடுக்கிற ஞானப்பிரகாசம் உருக்கமான திருப்பலிப் பாட்டு ஒன்றைக் கொடுத்தார், அது வந்தபோது பரோட்டா மாஸ்டர் கல்லுக்குப் பின்னால் கரண்டியோடு எழும்பினார். பசி என்று ஞானப்பிரகாசம் சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், அவர் பெண்டாட்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் பாட்டுக்கு மருமகள் எழும்பினாள் என்று ஒரு மாமியார் ஒரு வாரம் சாப்பிடவில்லை, அடுத்த வாரம் அதே மகன் பாட்டுக்கு மாமியார் எழும்ப, மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணப்பாடு ஊரில் இருக்கிற தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பெண்கள் பாவாடை ஓரத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். எழும்புவதை அது நிறுத்தவில்லை, எழும்பும்போது கடகடவென்று சத்தம் வேறு போட்டுக் காட்டிக்கொடுத்தது. யார் கடைக்கு வந்து எவ்வளவு நேரம் யோசித்துப் பாட்டுச் சொன்னார்கள் என்று எதிர்வீட்டு ஜன்னல்கள் பார்த்துக்கொண்டிருந்தன. 

அதன்பின் ஆட்கள் உஷாராகிவிட்டார்கள். காதல் பாட்டு வேண்டாம், அழுகைப் பாட்டு வேண்டாம், யாரையும் நினைக்க வைக்காத பாட்டாகப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் ரயில் வருவதைச் சொல்லுமுன் அடிக்கிற மணியைக் கேட்டார், ஒருத்தி பேங்குக்குப் போன் போட்டால் காத்திருக்கச் சொல்லி ஓடுகிற இசையைக் கேட்டாள், இன்னொருத்தர் தண்ணீர் லாரி பின்னால் வரும்போது போடுகிற கீச்சொலியைக் கேட்டார். விண்ணரசி அத்தனையையும் தேடிச் சேர்த்து வரிசைப்படுத்தினாள். உலகத்தில் எந்தக் கடற்கரையிலும் அப்படி ஒரு கச்சேரி நடந்திருக்காது. தண்ணீர் லாரியின் கீச்சொலிக்கும் ஒருத்தி எழும்பினாள், தெருக்குழாய்ச் சண்டையில் அந்த மனுசனைக் குடத்தால் இடித்தவள்.

இந்த வேடிக்கையெல்லாம் விண்ணரசி இடுப்பில் கைவைத்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சனிக்கிழமை வரைக்கும்தான். அன்றைக்கு, "இது எங்க வீட்டுக்காரவுகளுது" என்று அவள் அறிவித்து, கிளாட்வினின் பாட்டு ஆரம்பித்த மாத்திரத்தில், கூட்டத்துக்கு அந்தப் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெனிட்டா உட்கார்ந்த வாக்கிலேயே எழும்பினாள்.

பெனிட்டா ஐஸ் கம்பெனி ஆபீசில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, தெருக்கோடியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள், விண்ணரசியை மைனி என்றும் கிளாட்வினை அண்ணன் என்றும் கூப்பிடுகிறவள். முந்தின நாள்தான் கடைக்கு வந்து, "போன வாரம் என் பாட்டப் பாதியிலயே வெட்டிட்டீய மைனி, எனக்கு மட்டும்தான் அப்படிச் செய்யுதீய" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, ஒரு சின்னச் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாள். இப்போது அவள் காற்றில் உட்கார்ந்துகொண்டு சேலையை இழுத்து இழுத்துக் காலை மூடினாள். கூட்டம் அண்ணாந்து பார்க்கவில்லை, மரியாதையாகக் கிளாட்வினைப் பார்த்தது. கிளாட்வின் வாயில் பரோட்டாவோடு பெண்டாட்டியைப் பார்த்தான். விண்ணரசிக்கு அந்தப் பாட்டு முடிவதற்குள் காது இரண்டும் கொதித்துப்போய்விட்டது.

"அண்ணன்னு கூப்புடுறாளே, அண்ணன்னு!" என்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகு கேட்டாள்.

"ஏட்டி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமத்தான் அவ எழும்புனாளா?"

"அவ எழும்புனா அவளக் கேளு."

இந்தப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் முதல் விண்ணரசி துப்புத் துலக்க ஆரம்பித்தாள். அவன் ஷிப்ட் முடிந்து வருகிற வழி ஐஸ் கம்பெனி வழியா, உப்பாபீஸ் வழியா? அவன் சட்டையில் ஐஸ் கம்பெனி வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தாள், மீனும் டீசலும்தான் அடித்தது, அப்படியானால் சட்டையை மாற்றிவிட்டு வருகிறானோ என்று தோன்றியது. அவன் போனைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, இல்லாதது இன்னும் பெரிய சந்தேகமாக இருந்தது. பெனிட்டா தெருவில் போனால் எந்த வீட்டைப் பார்க்கிறாள் என்று பார்த்தாள். பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு போனாள், நெஞ்சில் கள்ளம் இல்லாதவள் எதற்குத் தலையைக் குனிகிறாள்? காலையில் அவன் பல் விளக்கும்போது பெனிட்டா பேச்சு, சோற்றைப் போடும்போது பெனிட்டா பேச்சு, விளக்கை அணைத்தால் இருட்டில் பெனிட்டா பேச்சு. அழுதாள், ஏசினாள், சிலுவையில் சத்தியம் வாங்கினாள், வாங்கின சத்தியத்தையும் நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் பாட்டாக, யாரையும் எதையும் நினைக்க இடமில்லாத ஒரு கிரிக்கெட் விளம்பர இசையைப் பார்த்து எடுத்து வைத்தாள். பெனிட்டா எழும்பினாள். அதற்கடுத்த வாரம் இந்தியில் ஏதோ பஜனை. பெனிட்டா எழும்பினாள். ஒரு பாட்டுக்கு அவள் ஓடிப்போய் வேனுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள், வேனுக்குள் இருந்து தலை கூரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. பெண்கள் விண்ணரசியிடம் வந்து, பாவம், உன்னை மாதிரிப் பொறுமை யாருக்கும் வராது, நாங்களாயிருந்தால் அவள் குடுமியைப் பிடித்திருப்போம் என்று ஆறுதல் சொன்னார்கள். அவளை வேனில் ஏற்ற வேண்டாம் என்று ரோஸ்மலர் சொன்னாள். வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லி வீட்டையே காலி செய்ய வைத்துவிடலாம் என்று வேறொருத்தி சொன்னாள். விண்ணரசி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பின் பெனிட்டா தானாகவே வேனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள், தெருவிலும் அவளோடு ஒருவரும் பேசுவதில்லை என்று ஆகிப்போனது.

அவள் வராத முதல் சனிக்கிழமை. கிளாட்வினின் பாட்டு ஓடியது, கடற்கரையில் ஒருவரும் எழும்பவில்லை, பார்த்தாயா, வீட்டில் தனியாக எழும்பி நிற்பாள் என்று பெண்கள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அடுத்து வேன் ஓட்டுகிற இருதயராஜின் பாட்டு வந்தது. அது வந்ததும் கொஞ்சம் தள்ளித் தன் குடும்பத்தோடு சுண்டல் தின்றுகொண்டிருந்த இசக்கி, தெருவுக்குக் கேஸ் சிலிண்டர் போடுகிறவன், மகனைத் தோளில் வைத்த மேனிக்கு ஒரு சாண் எழும்பினான்.

கூட்டம் இருதயராஜைப் பார்த்தது.

"ஏலேய், நான் இவன எதுக்குல நினைக்கேன்?" என்று இருதயராஜ் கத்தினான். "எங்க வீட்ல விறகடுப்புல!"

"விறகடுப்புக்காரனுக்கு சிலிண்டர்காரன் நினைப்பு வருதுன்னா, அதுல என்னமோ இருக்கு" என்று ஞானப்பிரகாசம் இழுத்தார். இருதயராஜின் பெண்டாட்டியும் இசக்கியின் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் சந்தேகப்பட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள்.

விண்ணரசி மட்டும் சிரிக்கவில்லை. இருதயராஜ் அந்த வாரம் பாட்டே சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் மீன் குழம்பு பாதி கொதிக்கும்போது அவள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனது, வாரேன் வாரேன் என்று சொல்லிக் கழுத்தறுத்த இசக்கியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே, வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே, இந்த இருதயராஜுக்கு எதையாவது போட்டுத் தொலைப்போம் என்று ஒரு பாட்டை எடுத்துப் போட்டவள் அவள்தான். யார் பேருக்குப் பாட்டோ அவர் நினைப்பு இல்லை அது. யார் தேர்ந்தெடுத்ததோ அவர் நினைப்பு.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முதல் வாரம் பெனிட்டா கடையில் வந்து சண்டை போட்டுவிட்டுப் போன சூட்டில், எல்லார் முன்னாலும் என்னை இப்படிக் கேட்டுவிட்டாளே என்று அரற்றிக்கொண்டு எடுத்த பாட்டுத்தான் கிளாட்வினுக்கு. அதற்கடுத்த வாரம்? அவளைத்தான் நினைத்தாள். அதற்கடுத்த வாரம்? அவளைத் தவிர யாரை நினைத்தாள்? கிரிக்கெட் இசையையும் இந்திப் பஜனையையும் தேடும்போது, இதற்கு எழும்புகிறாளா பார்ப்போம், எழும்புகிறாளா பார்ப்போம் என்றுதானே தேடினாள்? வாராவாரம் பெனிட்டாவைத் தூக்கி நிறுத்தியது அவளேதான், தெரு முழுக்க அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறது. சண்டாளி, நான் சண்டாளி என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அதே சமயம், நம்பலாமா என்றும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எடுத்த பாட்டெல்லாம் அவள் நினைப்பைத்தான் சொன்னது. அப்படியென்றால் அவன் நினைப்பில் யார் இருக்கிறார்கள் என்று இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

இருப்புக்கொள்ளாமல், வெள்ளிக்கிழமை கடைக்கு வந்த பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: "இந்த வாரம் அவுக பாட்ட அவுகளே எடுக்காவ. வந்து பாருங்க." சொன்ன பிறகுதான் கிளாட்வினிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதுட்டி" என்றான்.

"தெரிஞ்சத எடுங்க. இனிமே நான் எடுக்க மாட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் அவன் அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்தான். போனை அவள் கையில் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, "எடுத்துட்டேன். ஆனா போடாத" என்றான்.

"ஏன்?"

"சொன்னாக் கேளுட்டி. போடாத."

"ஏன்னு கேக்கேன்."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "உன்ன நினைச்சுக்கிட்டுத்தான் தேடுனேன். உன் முகத்த நினைச்சேன். முகம் வந்துச்சு. முகம் வந்தா நீ வாயத் தெறக்க. வாயத் தெறந்தா அவ பேரு. எத்தன வாரமா நீ என்கிட்ட வேற எதப் பேசியிருக்க? பல்லு வெளக்குனா அவ, சோறு போட்டா அவ, படுத்தா அவ. அந்தப் புள்ள முகம்கூட எனக்குச் சரியா ஞாபகம் கெடையாது, பேரு மட்டும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே கெடக்கு. நான் என்ன செய்ய?"

விண்ணரசிக்கு அழுகை வரவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். அவன் குளிக்கப் போனதும் போனை எடுத்தாள். வேறொரு பாட்டை மாற்றி வைத்துவிடலாம், தன்னையே நினைத்துக்கொண்டு எடுத்தால் தானே எழும்பலாம், தெரு வாயை மூடும். கண்ணை மூடித் தன்னை நினைத்துப் பார்த்தாள். கடை, ஜெராக்ஸ் மெஷின், முன்னால் நின்று 'எனக்கு மட்டும்தான் அப்படிச் செய்யுதீய' என்று கேட்கிற பெனிட்டா. தன் தலைக்குள்ளும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், தனக்கே அங்கே இடம் இல்லை. போடாமல் விட்டால் தெரு முடிவு கட்டிவிடும். போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். யோசித்து யோசித்துத் தலை வலித்தது. கடைசியில் போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள்.

பெனிட்டா கதவைப் பாதி திறந்து, இவளைப் பார்த்ததும் மீதியைத் திறக்காமல் நின்றாள்.

"நான் வீடு பாத்துக்கிட்டு இருக்கேன் மைனி. கெடச்ச ஒடனே போயிருதேன்."

"வீடும் வேண்டாம் கீடும் வேண்டாம். சேலைய மாத்து, வேன் வரப்போவுது."

"என்னால ஆவாது மைனி. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். நான் பக்கத்துல இருக்கேன்ல."

பெனிட்டா அவளை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? கூட்டத்துக்கு நடுவில் வைத்து மயிரைப் பிடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் எத்தனை நாளைக்குப் பூட்டின வீட்டுக்குள் இருப்பது? சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அவள் நடக்கும்போது பாவாடையில் ஈயக்குண்டுகள் சத்தம் போட்டன, அவளும் தைத்து வைத்திருந்தாள். வேனில் அவளுக்குப் பக்கத்தில் விண்ணரசி உட்கார்ந்ததைப் பார்க்க, உப்பளம் தாண்டுகிற வரைக்கும் மொத்த வேனும் கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்து வந்தது.

கடற்கரையில் அன்றைக்குப் பரோட்டா ஆறிப்போனது. ரயில் மணி ஓடியது, பேங்குப் பாட்டு ஓடியது, கொரியாக்காரர்கள் வந்து போனார்கள், யார் யாரோ எழும்பி இறங்கினார்கள், ஒருத்தரும் அவர்களைக் கவனிக்கவில்லை. கிளாட்வின் வேனின் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். விண்ணரசியின் பெருவிரல் போனின் மேல் நின்றது. ஒரு தள்ளுத் தள்ளினால் அந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. தள்ளவில்லை.

"இது எங்க வீட்டுக்காரவுகளுது" என்றாள்.

பழைய பாட்டுத்தான், அவன் பையனாக இருந்தபோது கல்யாண வீட்டு மைக்செட்டில் கேட்டிருக்கக்கூடிய ஒரு பாட்டு. முதல் வரி முடிவதற்குள் பெனிட்டாவின் பாவாடையில் குண்டுகள் கடகடத்தன. அவள் எழும்பினாள். "அய்யோ மாதாவே, நான் ஒண்ணும் செய்யலையே" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு சாண் உயரத்தில் நின்று தேம்பினாள். கிளாட்வின் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். ரோஸ்மலர், "பாத்தியா, பாத்தியா" என்று பக்கத்தில் நின்றவளின் முழங்கையைக் கிள்ளினாள்.

விண்ணரசி எழுந்து போய்ப் பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, பாட்டுக்கு மேலே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இது நான் எடுத்த பாட்டு. இதுக்கு முன்னால அவுக பேர்ல ஓடுனதெல்லாம் நான் எடுத்ததுதான். அவுக ஒரு நாளும் எடுத்ததில்ல. எனக்கும் இவளுக்கும் கடையில சண்ட, அந்தக் கடுப்புல இவளையே நினைச்சுக்கிட்டு எடுத்தேன், வாராவாரம் எடுத்தேன், இன்னைக்கு அவுகளே எடுப்பாவன்னு உங்ககிட்ட சொன்னேன், அதையும் நான்தான் எடுத்தேன். நினைப்பு என்னுது. அந்த மனுசன் மேலயும் இந்தப் புள்ள மேலயும் எவளாவது வாயத் தொறந்தா நான் சும்மா விட மாட்டேன்."

சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. அந்த ஒன்றையும் தெரு நம்பிவிட்டது, நம்பாமல் என்ன, சிலிண்டர் இசக்கி எழும்பினதற்கும் அப்போதுதான் எல்லோருக்கும் விளக்கம் கிடைத்தது, இருதயராஜ் "நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்று துள்ளிக் குதித்தான். பெண்டாட்டிமார் ஒவ்வொருவரும் தாங்கள் புருஷனுக்கு எடுத்துக்கொடுத்த பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாட்டு முடிந்தது. பெனிட்டா இறங்கினாள், இறங்கின பிறகும் விண்ணரசியின் கையை விடவில்லை. "என்ன அப்படியா வெறுத்தீய மைனி?" என்று கேட்டாள். ஆமாம் என்று விண்ணரசி சொன்னாள், அதையும் மறைக்கவில்லை. பெனிட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் என் பாட்ட வெட்டாம போடுங்க" என்றாள்.

திரும்பி வரும்போது வேனில் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். கடைசி சீட்டில் கிளாட்வினும் விண்ணரசியும் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்து விளக்குகள் வந்து வந்து போயின. ஊரையே நம்ப வைத்தாயிற்று, இந்த உலகத்தில் அந்தப் பாட்டை யார் எடுத்தது என்று தெரிந்தவர்கள் இந்த சீட்டில் இருக்கிற இரண்டு பேர்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது பாரமாகத்தான் இருந்தது.

"ஏட்டி" என்றான் அவன், மெதுவாக. "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்ல?"

அவன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே அவ பேர நான் வீட்ல சொல்ல மாட்டேன்" என்றாள் விண்ணரசி. "சத்தியமா சொல்ல மாட்டேன். ஆனா அந்த இடத்துல என்ன வந்து உக்காரும்? நீங்க என்ன ஏட்டி, ஏட்டின்னுதான கூப்புடுதீய. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேர ஒரு தடவ சொல்லியிருப்பீயளா? நம்ம வீட்ல இத்தன வருசத்துல ஒரு பொம்பள பேரு கேட்டுச்சுன்னா அது அவ பேருதான், அதையும் நான்தான் சொன்னேன்."

வேன் உப்பாபீஸ் வளைவில் திரும்பியது. முன் சீட்டில் யாருடைய பிள்ளையோ தூக்கத்தில் சிணுங்கி அடங்கியது. கிளாட்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கம் அவனுக்கு. பிறகு யாருக்கும் கேட்காத குரலில், கூச்சத்தோடு, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை போல, "விண்ணரசி" என்றான்.

அவள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.